வாசல் மட்டும் மிஞ்சிய சிறை

கோலாலம்பூரின் நடுப்பகுதியில், ஜாலான் புடு, ஜாலான் ஹங் துவா எனப்படும் இரு சாலைகள் கூடும் இடத்தருகே, பேரங்காடியும் அடுக்குமாடிக் கோபுரங்களும் நெருக்கியடித்து எழுந்துள்ள வளாகத்தில், அவற்றுள் எதனோடும் ஒட்டாத பழைய வாசல் ஒன்று நிற்கிறது. மலேசியர்கள் பல தலைமுறைகளாக அச்சத்தோடு உச்சரித்துவந்த புடு சிறைச்சாலையின் நுழைவாயில் அது. 1895-இல் கட்டி முடிக்கப்பட்டு, 1996-இல் மூடப்பட்டு, 2010-இல் இடிக்கத் தொடங்கி 2012-இன் இறுதிக்குள் அகற்றப்பட்ட அந்தச் சிறையில், அதன் பெயரைச் சொல்ல முதன்மையாக எஞ்சியிருப்பது இந்த வாசல்தான். காலனிய ஆட்சி ஆசிய நகரங்களில் விட்டுச்சென்ற சிறைகளுள் சில நினைவுச்சின்னங்களாகவும் சில கலைக்கூடங்களாகவும் மாறி நிலைத்துவிட்டிருக்க, நூறாண்டு கடந்த புடு ஏன் ஏறக்குறைய தடமின்றிப் போனது என்பது கேட்டுப்பார்க்க வேண்டிய கேள்வியாகும்.

கோலாலம்பூர் 1850-களின் இறுதியில் ஈயச் சுரங்கத் தொழிலால் உருவான ஊர். கிளாங், கோம்பாக் ஆறுகள் கலக்குமிடத்தில் சீனத் தொழிலாளர்கள் அமைத்த குடியிருப்பு, சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் சிதைந்து, மீண்டும் எழுந்து, 1880-இல் மாநிலத்தின் தலைநகராயிற்று. அதற்குள் ஆங்கிலேயர்கள் 'ரெசிடெண்ட்' என்ற பதவியை நிறுவியிருந்தனர். ரெசிடெண்ட் என்பவர் பெயரளவில் சுல்தானுக்கு ஆலோசனை சொல்பவர். நடைமுறையில் வரி, நீதி, காவல் என்று நிர்வாகம் முழுவதையும் தம் கையில் வைத்திருந்தவர். 1881-இன் தீவிபத்தில் கூரை வீடுகள் எரிந்துபோன பின், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. சூளைகள் பெருகிய பகுதிக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பெயர் நிலைத்தது. பின்னாளில் இரயில்வேத் தமிழர்களின் குடியிருப்பாக வளர்ந்த அந்தப் பகுதி இன்று 'லிட்டில் இந்தியா' என அறியப்படுகிறது. ஈயம் பணத்தைக் கொண்டுவந்தது. பணத்தோடு சூதாட்டமும் அபினியும் இரகசியச் சங்கங்களின் அடிதடியும் வந்தன. சின்னஞ்சிறு காவற்கூடங்களால் சமாளிக்க இயலாத நிலையில், ஊருக்கு வெளியே, பழைய சீன இடுகாடு ஒன்று இருந்த நிலத்தில், பெரிய சிறை ஒன்றைக் கட்ட அரசு முடிவெடுத்தது. அன்று ஊரின் எல்லையாக இருந்த அந்த இடம் இன்று நகரின் மிக விலையுயர்ந்த நிலப்பகுதிகளுள் அடங்கும் என்பது இந்த வரலாற்றின் பின்பகுதியை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டது எனலாம்.

கட்டுமானம் 1891-இல் தொடங்கியது. முதலில் எழுந்தது சிறையன்று, சுவர்தான்: 394 மீட்டர் நீளமும் ஏறத்தாழ நாலரை மீட்டர் உயரமும் கொண்ட மதில். பணியைப் பொறுப்பேற்று நடத்தியவர் சிலாங்கூர் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் சார்லஸ் எட்வின் ஸ்பூனர். இலங்கைப் பொதுப்பணித் துறையில் பல ஆண்டு பணியாற்றிய பின் மலாயாவுக்கு வந்த இவர்தான், இன்று கோலாலம்பூரின் அடையாளமாக அஞ்சலட்டைகளில் காணப்படும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் பணியையும் மேற்பார்வையிட்டவர். குவிமாடமும் வளைவுகளுமாக அரசின் மிடுக்கைக் காட்ட ஒரு கட்டடமும், அதன் தண்டிக்கும் கையைக் காட்ட மற்றொரு கட்டடமும் ஒரே துறையின் மேசையில் ஏறக்குறைய ஒரே காலத்தில் வரையப்பட்டன. சிறையைக் கட்டியதில் கைதிகளின் உழைப்பும் பயன்பட்டது. இது புதிய வழக்கமன்று. 1873 வரையில் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளைக் கொண்டு சிங்கப்பூரில் தேவாலயமும் ஆளுநர் மாளிகையும் எழுப்பிய அரசு, கைதியைக் கூலி கொடுக்க வேண்டாத கொத்தனாராகவே நெடுங்காலமாகக் கருதிவந்தது. 1895-இல் பணி முடிந்தபோது மொத்தச் செலவு ஏறத்தாழ 1,38,000 வெள்ளி ஆகியிருந்தது. வெள்ளி என்பது அந்நாளைய நீரிணைக் குடியேற்றங்களின் டாலருக்கு மலாயாத் தமிழர் வழங்கிய பெயர்.

வானிலிருந்து பார்த்தால் புடு சிறை பெருக்கல் குறியைப் போல் தோன்றும். நான்கு நீண்ட கட்டடக் கைகள் நடுவிலுள்ள ஒரு கூடத்தில் வந்து சேர, ஒவ்வொரு கையிலும் இருபுறமும் அறைகள் வரிசையாக அடுக்கடுக்காக அமைந்திருந்தன. இந்த அமைப்புக்குப் பின்னே ஒரு கொள்கை இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு வரையில் ஐரோப்பியச் சிறைகள், விசாரணைக்கோ தண்டனைக்கோ காத்திருப்போரை ஒரே கொட்டடியில் மொத்தமாகப் போட்டு அடைக்கும் இடங்களாகவே இருந்தன. அடைத்துவைப்பதையே தண்டனையாக்கி, கைதியைத் தனி அறையில் இருத்தி, இடைவிடாத கண்காணிப்பில் வைத்தால் அவன் திருந்துவான் என்று சீர்திருத்தவாதிகள் வாதிட்டதன் விளைவாக, ஆரக்கால் அமைப்புச் சிறைகள் தோன்றின. அதாவது, சக்கரத்தின் குடத்திலிருந்து ஆரங்கள் விரிவதுபோல, காவலர் நிற்கும் நடுக்கூடத்திலிருந்து அறை வரிசைகள் விரியும் சிறைகள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1829-இல் திறக்கப்பட்டதும் இலண்டனின் பென்டன்வில்லில் 1842-இல் திறக்கப்பட்டதும் இவ்வகையின் முன்மாதிரிகள். நடுக்கூடத்தில் நிற்கும் ஒருவர் தலையைத் திருப்பினாலே எல்லா வரிசைகளும் கண்ணில் படும். ஆளைக் குறைத்து அச்சத்தைக் கூட்டும் இந்தச் சிக்கனம் குடியேற்ற அரசுகளுக்கு மிகவும் உவப்பாக இருந்ததில் வியப்பில்லை.

திருத்தும் கொள்கை கடல் கடந்து வரும்போது பெரும்பாலும் அதன் வரைபடம் மட்டுமே வந்துசேர்ந்தது. புடுவின் அறை குறுகலானது, இருண்டது. கைக்கெட்டாத உயரத்தில் செருப்புப் பெட்டியளவே ஆன சாளரம். குளிர்நாட்டுக்காக எண்ணப்பட்ட அந்தச் சுவர்களுக்குள் வெப்பமண்டலத்தின் புழுக்கம் இறங்கியபோது, தனியறை என்பது தியானத்துக்குரிய இடமாக இல்லாமல் அடுப்பாகவே இருந்திருக்கும். தொடக்க ஆண்டுகளில் காலரா பரவிக் கைதிகள் மாண்டனர். சிறைக்குள் காய்கறித் தோட்டம் போட்டு உணவுத் தேவையை நிறைவேற்றிக்கொண்டனர். உள்ளே வந்தவர்கள் எல்லாரும் கொலைகாரர்களோ கொள்ளைக்காரர்களோ அல்லர். அந்நாளைய தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தைவிட்டு ஓடிய கூலியைக் குற்றவாளியாகக் கருதிச் சிறைக்கு அனுப்ப இடமளித்தது. வேலையை விடுவதே குற்றமாக இருந்த அந்த ஏற்பாடு, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் முறை 1910-இல் ஒழிக்கப்படும் வரையில் தமிழர்களின் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது.

1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் ஜப்பானியரின் கைக்குப் போனது. மலாயாவில் நடந்த போர்களில் தோற்றுச் சிதறிய படைகளில் காட்டுக்குள் வழிதவறி அகப்பட்ட பிரித்தானிய, ஆஸ்திரேலிய வீரர்கள், தம் அரசே கட்டிய சிறைக்குள் போர்க்கைதிகளாக அடைக்கப்பட்டனர். ஆஸ்திரேலிய எழுத்தாளர் ரஸ்ஸல் பிராடன் அவர்களுள் ஒருவர். போருக்குப்பின் அவர் எழுதிய நூலின் வழியாகப் புடுவின் பெயர் ஆங்கில வாசகர்களிடையே பரவியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் இவர்கள் சிங்கப்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பலர் அங்கிருந்து சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்கு அனுப்பப்பட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை விழுங்கிய 'சயாம் மரண ரயில்' அதுவே.

போர் முடிந்து ஆங்கிலேயர் திரும்பிய பின் புடுவில் நடந்த தூக்குகளுள் தமிழ் வாசகர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்து இளவயதிலேயே மலாயா சென்ற எஸ். ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக உயர்ந்தவர். தோட்டத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும், தமிழரும் சீனரும் ஒரே அமைப்பின்கீழ் வேலைநிறுத்தம் செய்த அரிதான காலம் அது. 1948 ஜூனில் கூட்டமைப்பின் பதிவு நீக்கப்பட்டது. அதே மாதத்தில், கம்யூனிஸ்டுகளின் ஆயுதக் கிளர்ச்சியைக் காரணங்காட்டி, அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. அவசரகால ஒழுங்குவிதிகள், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதை மட்டுமே காரணமாகக் கொண்டு மரண தண்டனை விதிக்க வகைசெய்தன. யாரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை. 1949 மார்ச்சுத் தொடக்கத்தில் ரவாங் அருகே ஒரு தோட்டத்தில் கைத்துப்பாக்கியுடன் பிடிபட்ட கணபதிக்கு, அம்மாதத்திலேயே தண்டனை விதிக்கப்பட்டது. இந்தியத் தரப்பிலிருந்து கருணை கோரப்பட்டும் பயனில்லாமல், 1949 மே 4 அன்று புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். கைதானதிலிருந்து தூக்குமேடை வரை ஏறத்தாழ ஒன்பது வாரங்கள்.

கணபதியின் மரணம் அன்றைய தமிழகத்தில் அதிர்வை உண்டாக்கியது. 'மலேயா கணபதி' என்ற பெயர் இடதுசாரி இயக்கத்தாரிடையே நீண்டநாள் வழங்கியது. ஆயினும் சுதந்திர மலேசியாவின் அதிகாரபூர்வ வரலாற்றில் அவருக்கு இடம் கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. கம்யூனிஸ்டுகளோடு தொடர்புடையவர் என்ற முத்திரை, அவர் தொழிலாளருக்காகச் செய்தவற்றின்மேல் குத்தப்பட்டு நின்றுவிட்டது. புடுவின் கதி என்னவாயிற்று என்பதைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தியை நினைவில் வைத்திருப்பது நல்லது.

1957-இல் நாடு சுதந்திரம் பெற்றபோது ஆட்சி மாறியது. அறையும் ரோத்தானும் தூக்குமரமும் மாறவில்லை. ரோத்தான் என்பது பிரம்பு. நீதிமன்றம் விதிக்கும் பிரம்படித் தண்டனையையும் மலேசியத் தமிழர் அச்சொல்லாலேயே குறிப்பர். 'பொடாக் சின்' என்ற பெயரால் ஊரை நடுங்கவைத்த கொள்ளைக்காரர் 1981 ஜூன் 11 அன்று புடுவில் தூக்கிலிடப்பட்டார். 1983-இல் போதைப்பொருள் கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை விதிக்கும் திருத்தம் வந்தது. கட்டாயம் என்றால், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டபின் வேறு தண்டனை விதிக்க நீதிபதிக்கு உரிமையில்லை என்று பொருள். அந்தத் திருத்தத்தின்கீழ் முதன்முதலாகத் தூக்கிலிடப்பட்ட மேலைநாட்டவர்களான, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்லோ, சேம்பர்ஸ் இருவரின் வழக்கு, 1986 ஜூலை 7 அன்று புடுவின் பெயரை உலக நாளேடுகளின் முதற்பக்கத்தில் ஏற்றியது. ஆஸ்திரேலியாவுடனான உறவும் சிலகாலம் கசந்தது. அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று, கைதிகள் அறுவர் சிறை மருத்துவமனையில் மருத்துவர் ஒருவரையும் ஆய்வக ஊழியர் ஒருவரையும் பிணையாகப் பிடித்தனர். ஆறாம் நாள் காவல்துறையின் சிறப்புப் பிரிவு உள்ளே புகுந்து, உயிர்ச்சேதமின்றி இருவரையும் மீட்டது. 1980-களில் சிறை அதன் கொள்ளளவை மீறி வழிந்துகொண்டிருந்தது. ஒருவருக்கென்று அமைத்த அறையில் பலர் படுத்துறங்க நேர்ந்தபோது, தனியறைத் தண்டனை என்ற பழைய கொள்கை எவரும் இரத்துச் செய்யாமலே இறந்துபோனது.

இவ்வளவு இருண்ட இடத்தின் வெளிமதிலைக் கோலாலம்பூர்வாசிகள் நினைவுகூர்வது வேறு காரணத்துக்காக. 1980-களில், சிறைவாசி ஒருவரின் தலைமையில், சாலையோர மதில் நெடுக வெப்பமண்டல நிலக்காட்சிகள் தீட்டப்பட்டன. ஏறத்தாழ 860 அடி நீளமும் 14 அடி உயரமும் கொண்ட அந்த ஓவியம், உலகின் மிக நீளமான சுவரோவியமென்று கின்னஸ் சாதனையாகப் பேசப்பட்டது. பேருந்தில் போவோர் பார்த்தது மரமும் கடற்கரையும். அதே சுவரின் மறுபுறத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது சுண்ணாம்பு. மழையும் வெயிலும் புகையும் பட்டு ஓவியம் மங்கியது. எனினும் சிறையை நகரின் அன்றாடக் காட்சிகளுள் ஒன்றாக்கியது அந்த வண்ணப்பூச்சுதான். இடிக்கும்போது பலர் வருந்தியது சிறைக்காகவா, அந்தச் சுவருக்காகவா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

1996 நவம்பரில் கைதிகள் சுங்கை பூலோவில் கட்டப்பட்ட புதிய சிறைக்கு மாற்றப்பட்டனர். மறு ஆண்டு புடு சிறை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அறைகளுக்குள் எட்டிப் பார்க்கவும் நடுக்கூடத்தில் நிற்கவும் பொதுமக்களுக்கு முதன்முறையாக வாய்ப்புக் கிட்டியது. அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. சுற்றிலும் நகரம் வளர்ந்துவிட்டிருந்தது. 2003-இல் எதிரிலேயே டைம்ஸ் ஸ்குவேர் என்னும் மாபெரும் பேரங்காடி எழுந்தது. இலகு இரயிலும் ஒற்றைத்தண்டவாள இரயிலும் சந்திக்கும் ஹங் துவா நிலையம் சிறையின் வாசலுக்கு எதிரே அமைந்தது. நிலம் யூடிஏ என்ற அரசு நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தது. இது, நகர்ப்புற வணிகத்தில் பூமிபுத்திரர்களின் (மண்ணின் மைந்தர்களாகக் கருதப்படும் மலாய்க்காரர் முதலியோரின்) பங்கை உயர்த்தும் நோக்கத்தோடு 1971-இல் நகர்ப்புற வளர்ச்சி ஆணையமாகத் தொடங்கப்பட்டுப் பின்னர் நிறுவனமாக மாற்றப்பட்டது.

2010 ஜூன் 21 இரவு, சாலையை அகலப்படுத்தவும் சுரங்கப்பாதை அமைக்கவும் என்ற காரணத்தோடு, ஜாலான் புடுவை ஒட்டிய மதிலை இயந்திரங்கள் இடிக்கத் தொடங்கின. சாலையோரத்தில் மக்கள் திரண்டு படமெடுத்தனர். மரபுக் கட்டடமாக இதைப் பாதுகாக்கக் கூடாதா என்ற கேள்விக்கு, இது பெருமைப்படத்தக்க ஒன்றல்ல என்ற கருத்தே நாடாளுமன்றத்தில் அரசுத் தரப்பின் விடையாக இருந்தது. சட்டமும் அதற்கு இடம் தந்தது. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டத்தின்படி, ஒரு கட்டடத்துக்கு நூறு வயது ஆகியிருப்பது மட்டும் போதாது. மரபுரிமை ஆணையர் அதை முறைப்படி அறிவித்துப் பதிவேட்டில் சேர்த்தால்தான் பாதுகாப்பு. புடு சேர்க்கப்படவில்லை.

பெருமைக்குரியதல்ல என்ற வாதத்தைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். எந்தச் சிறைதான் பெருமைக்குரியது? அந்தமான் சிற்றறைச் சிறை 1979-இல் தேசிய நினைவகமாக்கப்பட்டது, அங்கே வதைபட்டவர்களை விடுதலைப் போராளிகளென்று இந்திய அரசு உரிமை கொண்டாடியதால். பெங்களூரு மத்தியச் சிறை 'சுதந்திரப் பூங்கா'வாயிற்று; 1975-இன் நெருக்கடி நிலையில் அங்கே அடைபட்டவர்கள் பின்னர் நாட்டையே ஆண்டார்கள். சிங்கப்பூரின் சாங்கிச் சிறை இடிக்கப்பட்டபோதும், அங்கே துன்புற்ற போர்க்கைதிகளின் சார்பில் ஆஸ்திரேலியா குரல் கொடுத்ததால், வாசலும் இரு கோபுரங்களும் 180 மீட்டர் மதிலும் தப்பின. 2016-இல் அவை தேசியச் சின்னமாயின. ஹாங்காங்கில் விக்டோரியா சிறை, ஹோ சி மின் அடைபட்டிருந்த இடம், பழைய காவல் நிலையத்தோடும் நீதிமன்றத்தோடும் சேர்த்து 'தை குவுன்' என்ற கலை வளாகமாக 2018-இல் திறக்கப்பட்டது. சென்னையின் பழைய மத்தியச் சிறைக்கு மட்டும் புடுவின் விதியே வாய்த்தது: 1837-இல் கட்டப்பட்டு, கைதிகள் புழலுக்கு மாற்றப்பட்ட பின் 2009-இல் இடிக்கப்பட்டு, நிலம் மருத்துவக் கல்லூரியின் விரிவாக்கத்துக்குப் போனது. அங்கே மருத்துவம் என்ற மறுக்கவியலாத தேவையாவது ஈடாக நின்றது.

சிறைக் கட்டடம் பிழைப்பதற்கு, அதற்குள் இருந்தவர்களை 'எங்களவர்' என்று சொல்ல வெளியே ஒருவர் வேண்டும். புடுவுக்கு அப்படி யாருமில்லை. கொள்ளைக்காரரையும் போதைப்பொருள் கடத்தியவரையும் உரிமை கொண்டாடுவார் எவருமில்லை. போர்க்கைதிகளோ அயல்நாட்டார், அவர்களின் நினைவும் சாங்கியிலும் இரயில் பாதையிலும் நிலைகொண்டுவிட்டது. கணபதியைப் போன்றவரை, அவர் உழைத்த நாடு தயக்கத்தோடும் பிறந்த நாடு மறதியோடும் விட்டுவிட்டன. பொறியாளர் ஸ்பூனரின் குவிமாடக் கட்டடம் விளக்கலங்காரத்தோடு நிற்க, அவருடைய பெருக்கல் குறி மண்ணோடு மண்ணானதில் கட்டடக் கலையின் மதிப்பீடு குறைவு. யாருடைய நினைவு என்ற கணக்கே மிகுதி.

இப்போது அந்த 19.4 ஏக்கரில் 'புக்கிட் பிந்தாங் நகர மையம்' என்ற வளாகம் இருக்கிறது. யூடிஏவும் ஈக்கோ வேர்ல்டு நிறுவனமும் தலா 40 விழுக்காடும், தொழிலாளரின் ஓய்வுக்காலச் சேமிப்பை நிர்வகிக்கும் ஊழியர் சேமநிதி வாரியம் 20 விழுக்காடும் பங்கு கொண்ட, ஏறத்தாழ 870 கோடி ரிங்கிட் மதிப்பிலான திட்டம் இது. குடியிருப்பு, விடுதி, அலுவலகம், இசையரங்கு, கடைத்தெரு என எல்லாம் ஒன்றோடொன்று கோத்து, இரயில் நிலையத்தோடும் இணைக்கப்பட்டுள்ளன. வளாகத்தின் மையமான லாலாபோர்ட் பேரங்காடி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இதை நடத்துவது ஜப்பானின் மிட்சுயி குழுமத்தைச் சேர்ந்த நிலவணிக நிறுவனம். அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன் அதே ஜனவரி மாதத்தில் ஜப்பானியப் படை இந்நகரில் நுழைந்தது என்பதை அங்கே பொருள் வாங்குவோர் எண்ணிப்பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. நாடுகள் சமாதானமாக வணிகம் செய்வது போரிடுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேட்கும் ஒரு குழந்தைக்குக் காட்டுவதற்கு, வாசலைத் தவிர அதிகம் இல்லாமல் போய்விட்டதே என்ற குறை குறைதான்.

கோலாலம்பூர் செல்லும் தமிழர்கள் பத்துமலைக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் தவறாமல் போகிறார்கள். ஹங் துவா நிலையத்தில் ஒருமுறை இறங்கி, அந்த வாசலையும் பார்த்துவிட்டு வரலாம்; கணபதி உயிரோடு கடைசியாகக் கடந்த வாசல் அது.